உயிர் மீன்

மீன் சந்தையில் விரால் விற்கிற இடத்தில் கூட்டம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் நாலு விரற்கடைத் தண்ணீர்; அதில் விரால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளியும். வாங்குகிறவர் நன்றாகத் துள்ளுகிற மீனாகப் பார்த்துக் கை காட்டுவார். எடை போட்டதும் வழுக்காமலிருக்கச் சாம்பலைப் பூசி, செதிலைச் சுரண்டி, துடுப்பை நறுக்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பார்கள். இத்தனையும் நடக்கும்போது அந்த மீன் பல வேளைகளில் உயிரோடுதான் இருக்கிறது. விராலுக்குச் செவுள் தவிர, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் தலைக்குள் உண்டு. குளம் வற்றும் காலத்தில் சேற்றில் பிழைத்துக் கிடக்க அதற்குக் கைகொடுக்கும் அந்தத் திறமைதான் அரிவாள்மனையில் அதன் சாவை நீட்டிக்கிறது. தேளி, பனையேறி என்று காற்றைக் குடித்துப் பிழைக்கும் மீன்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வீட்டுக்கு உயிரோடு கொண்டுவந்து, வழுவழுப்புப் போகக் கல்லுப்பைக் கொட்டி மூடி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. மூடிக்குள் அது அடங்கும்வரை காத்திருப்பார்கள். விலாங்கு மீனை உப்பிட்டுக் கொல்வதை ஜெர்மனி சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது.

மீன் தின்னலாமா கூடாதா என்ற வாதம் நம்மிடம் மிகப் பழையது. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதே மண்ணில் நெய்தல் நிலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக மீனால் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். இந்த வாதம் இன்னும் பல நூறு ஆண்டு நடக்கும். ஆனால் அது பெரிதாக நின்றதால் வேறொரு கேள்வி அதன் நிழலில் மறைந்துவிட்டது. தின்பது என்று முடிவான பிறகு அந்த மீன் எப்படிச் சாக வேண்டும்? ஆட்டையும் கோழியையும் அறுப்பதில் ஒரே வெட்டு என்ற முறை இருக்கிறது. அது பிசகினால் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். மீனுக்கு அப்படி எந்த முறையும் கிடையாது. தண்ணீரைவிட்டு வெளியே எடுத்துப் போட்டால் அதுவாகச் சாகட்டும் என்பதுதான் நடைமுறை. மீனைக் கொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு என்று முழுமனதோடு ஒப்புக்கொண்டாலும், அதை மெல்ல மெல்லச் சாகவிடும் உரிமை அதற்குள் அடங்காது என்பதே என் கட்சி.

மீனுக்கு வலிக்குமா என்பதுதான் முதலில் எழும் மறுப்பு. ரெயின்போ டிரவுட் என்று ஒரு மீன். வெள்ளைக்காரர்கள் நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளிலும் கொண்டுவந்து விட்டது. 2003-இல் லின் ஸ்னெடன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், காயத்தை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் அதன் முகத்திலும் வாயைச் சுற்றியும் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அசிட்டிக் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் தொட்டியின் அடியில் கிடந்து அசைந்தாடின. உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. நெடுநேரம் இரையைத் தொடவில்லை. மார்ஃபின் கொடுத்தபோது இவை குறைந்தன. வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால் பசியையே மறக்கடிக்குமா, வலிநீக்கி மருந்துக்குக் கட்டுப்படுமா? இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஜேம்ஸ் ரோஸ் 2002-லும் பிரையன் கீ 2016-லும் எழுதியதன் சாரம் இதுதான்: பாலூட்டிகளின் மூளையில் உள்ள புறணி மீனுக்குக் கிடையாது, ஆகவே வலியை உணர அதற்கு வழியில்லை. ஆனால் அதே அமைப்பிலான புறணி பறவைகளுக்கும் கிடையாது. கோழிக்கு வலிக்காது என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. ஓர் உறுப்பு இல்லை என்பதாலேயே அதன் வேலையை வேறோர் உறுப்பு செய்யாது என்றாகிவிடாது. விராலே அதற்குச் சாட்சி, நுரையீரல் இல்லாமலே காற்றைச் சுவாசிக்கிறது. மீனின் உள்ளே புகுந்து பார்த்தவர் எவருமில்லை என்பது உண்மை. அந்த ஐயத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? வலி இல்லாத மீனை விரைந்து கொன்றால் நமக்கு ஒரு நிமிட வேலைதான் வீண். வலியுள்ள மீனை உயிரோடு சுரண்டினால் நடப்பது சித்திரவதை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

ஐஸில் போட்டால் மரத்துப்போய்ச் சட்டென்று செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டிரவுட் மீனை வைத்து பிரிட்டனில் செய்த ஆய்வொன்று 1991-இல் வெளியானது. 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் கிடந்த மீனின் மூளை ஒளிக்குப் பதில் தருவதை நிறுத்த ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆயிற்று. 2 டிகிரிக் குளிரில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. குளிர்நாட்டு மீனுக்கு ஐஸ் சாவைத் தள்ளித்தான் போடுகிறது. நம் வெதுவெதுப்பான நீரின் மீன்கள் அப்படியே நடந்துகொள்ளும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அசையாமல் கிடப்பதைச் சாவென்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது இதிலிருந்து தெளிவு. இதற்கு மாற்று மிக எளியது. கண்ணுக்குச் சற்று மேலே மண்டையில் கனமான கட்டையால் ஓங்கி ஒரே அடி, உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிடுவது. ஜப்பானில் இகேஜிமே என்ற முறை உண்டு: கூர்முனையை மூளையில் இறக்கி, இரத்தம் வடித்து, முதுகுத்தண்டில் மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். ருசிக்காகவே வளர்ந்த முறை அது. துடித்துச் சாகும் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. உடல் சீக்கிரம் விறைத்து, சதை தளர்ந்துவிடுகிறது. துடிக்க விடாமல் கொன்ற மீனின் சதை நெடுநேரம் கெட்டியாக இருக்கும். ஆகவே கடைசிவரை துள்ளினால்தான் குழம்பு ருசிக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. வாங்கும்வரை உயிரோடு இருந்தது என்பது போதும். செதில் உரிக்கும்போதும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போகிறவரிடம், அள்ளிய நெத்திலி ஒவ்வொன்றின் வலியையும் பார் என்று கரையில் இருப்பவர் சொல்வது என்ன நியாயம்? ஏற்கெனவே மீனவரையும் மீன் விற்கும் பெண்களையும் நாற்றத்தின் பேரால் ஒதுக்கிப் பார்க்கும் சமூகத்தில், கருணையின் பேரால் இன்னொரு தடியா? இந்தக் கோபம் சரியானது. அதனால்தான் இந்தப் பொறுப்பை மீனவர் தலையில் கட்டக் கூடாது என்கிறேன். உயிர் மீன்தான் வேண்டும் என்று கேட்பவர் வாங்குகிறவர். அடித்துக் கொன்றபின் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். அதற்காகும் நேரத்துக்கு ஐந்து பத்து கூடுதலாகக் கொடுக்க வேண்டியவரும் அவரே. அடுத்த பொறுப்பு அரசுக்கு. கிழக்குக் கடற்கரையில் 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017-இல் 61 நாளாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை வழங்கப்படுகிறது. மீனின் இனப்பெருக்கத்துக்காக அரசு பணம் செலவழித்து ஒரு முறையைக் கொண்டுவர முடிந்தது என்றால், மீன் பண்ணைகளில் மின்சாரத்தால் மயக்கமூட்டும் கருவிக்கும் மானியம் கொடுக்கலாம். நார்வேயில் வளர்ப்பு சால்மனை மயக்கமூட்டாமல் கொல்ல முடியாது. நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி மனிதனைத் தவிர உயிருள்ள எதுவும் விலங்குதான்; உணவுக்காகக் கொல்வதற்கு அது விலக்கு அளிக்கிறது, ஆனால் தேவையற்ற வேதனை கூடாது என்ற நிபந்தனையோடு. மீன் அந்த நிபந்தனைக்குள் வருகிறது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கும் மீனுக்குச் சரி. லட்சத்தீவில் சூரையைத் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். அங்கே ஒவ்வொன்றையும் உடனே கொல்ல முடியும். வலையில் மலைபோல் வரும் சாளைக்கும் நெத்திலிக்கும் இந்த வழி எதுவும் பொருந்தாது. சாவை விரைவாக்க முடியாத இடத்தில் சாகும் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்றுதான் மிச்சம். கடலிலிருந்தும் மற்ற நீர்நிலைகளிலிருந்தும் உலகம் முழுதும் ஆண்டுக்கு 1.1 லட்சம் கோடி முதல் 2.2 லட்சம் கோடி மீன்கள் பிடிபடுவதாக ஒரு மதிப்பீடு. அதில் ஏறத்தாழப் பாதி மீன்மாவுக்கும் மீன் எண்ணெய்க்கும் போகிறது. நம் இறங்குதளங்களில் சங்காயம் என்று கொட்டிக் குவித்துவைத்திருப்பதில் கைநிறைய அள்ளிப் பார்த்தால் தெரியும்: விரல் நீளம்கூட வளராத பாறைக் குஞ்சு, சங்கராக் குஞ்சு, காரல், நசுங்கிய நண்டு, எல்லாம் சேற்றோடு. காய்ந்தபின் அது தீவனத்துக்குப் போகும். இவற்றில் பெரும்பாலானவை எவர் சோற்றுக்கும் போகாதவை. ஏழையின் புரதம் என்று சொல்லி இவற்றின் சாவுக்கு நியாயம் தேட முடியாது. இழுவலையின் மடியில் சதுரக் கண்ணி வைத்தால் குஞ்சுகளில் கணிசமானவை தப்பிவிடும் என்று மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. குஞ்சு தப்பினால் அடுத்த பருவத்தில் எடை கூடி வருவதும் மீனவர் வலைக்குத்தான். அந்தக் கண்ணியை மாற்றும் செலவை அரசு ஏற்கலாம்; சங்காயத்தை நம்பியிருக்கும் தீவன ஆலைகளிடமிருந்து அதில் ஒரு பங்கை வாங்கலாம்.