டாக்டர் புஸ்தகம் பார்க்கலாமா?

சென்ற ஐப்பசியில் ஒரு நள்ளிரவு. சுசீந்திரத்தில் நமது இல்லத்தில் பதினொரு மாதப் பேரனுக்கு உடம்பு நெருப்பாய்க் காய்ந்தது. வெளியே அடைமழை. அலமாரியில் இரண்டு சிறு புட்டிகள் இருந்தன. இரண்டிலும் பாரசிட்டமால் என்றே எழுதியிருந்தது. ஐந்து மில்லி கொடுக்க வேண்டும் என்பது நமது ஞாபகம். கைக்கு அகப்பட்ட புட்டியைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றினோம். உறக்கம் கலைந்து வந்த மகள், "அப்பா, அது சொட்டு மருந்தல்லவா!" என்று கூவிக் கிண்ணத்தைப் பறித்துக்கொண்டாள்.

மறுநாள் நாகர்கோவிலில் குழந்தை வைத்தியர் முதற்காரியமாகப் பேரனைத் தராசில் கிடத்தினார். எட்டுக் கிலோ. காதிலும் சீழ் கண்டிருந்தபடியால் வேறொரு மருந்தும் எழுத வேண்டியிருந்தது. எழுதுமுன் மேஜையிலிருந்த தடித்த புஸ்தகத்தைப் புரட்டினார். "படித்துத் தேறியவருக்குப் புஸ்தகம் எதற்கு?" என்று நாம் எண்ணியது உண்மை. நம் முகத்திலிருந்தே அதைப் படித்துக்கொண்ட அவர் சிரித்தார்.

"ஐயா, நேற்றிரவு தாங்கள் ஞாபகத்தை நம்பினீர்கள். நான் நம்புவதில்லை" என்றார்.

பிறகு கணக்கை விளக்கினார். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், குழந்தையின் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். எட்டுக் கிலோவுக்கு 120-க்கு மேல் ஆகாது. நம் வீட்டுச் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம் இருந்தது. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100! நாம் ஊற்றியிருந்தது 500 மில்லிகிராம். நான்கு மடங்குக்கும் அதிகம். அளவு மீறிய பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும் என்று அவர் சொன்னபோது நமக்கு உடல் நடுங்கிற்று.

பெரியவர் அளவைக் குறைத்துவிட்டால் குழந்தை அளவு ஆகிவிடும் என்பது பெரும் பிழை. முன்னொரு காலத்தில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் பச்சிளங் குழந்தைகளுக்குக் குளோராம்பெனிகால் தாராளமாகக் கொடுத்தார்கள். சிசுவின் முதிராத ஈரலால் அதைச் சமாளிக்க முடியவில்லை. குழந்தைகள் சாம்பல் நிறமாகி மாண்டன. காரணம் 1959-இல்தான் தெளிவாயிற்று. இத்தகைய பாடங்கள் திரண்டு பிறந்தவையே இந்த அளவுப் புஸ்தகங்கள்.

பிரிட்டனில் குழந்தைகளுக்கென்றே தனியான மருந்துக் கையேடு 2005-இல் வெளிவந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2010-இல் ஒன்றை வெளியிட்டது. நமது தேசமும் பின்தங்கிவிடவில்லை. இந்திய தேசிய மருந்துக் கையேடு 1960-லேயே தோன்றியது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் தனக்கென ஒரு கையேட்டை வெளியிட்டிருக்கிறது.

நமது ஆச்சிக்கும் ஒரு கணக்கு இருந்தது. பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டறிந்த பிறகே, உரைகல்லில் சாதிக்காயை எத்தனை இழைப்பு இழைப்பது என்று தீர்மானிப்பாள். அளவறிந்து கொடுக்கும் அந்த ஜாக்கிரதை போற்றத்தக்கது. ஆனால் ஆச்சியின் கணக்கு ஆச்சியோடு போயிற்று. தவறிருந்தாலும் திருத்துவார் இல்லை. புஸ்தகமோ ஒவ்வொரு பதிப்பிலும் தன்னையே திருத்திக்கொள்கிறது.

ஆனால் எழுதிவைத்தால் மட்டும் போதுமா? சளிக்கான ஒரு கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கலாகாது என்று 2023-இல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில், அதே வகைக் கூட்டு மருந்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மடிந்தன. பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்த மருந்தில் விஷம் கலந்திருந்தது. அது தயாரானதோ நமது தமிழ்நாட்டில். கலப்படத்தைப் புஸ்தகம் தடுக்காது என்பது மெய்தான். ஆயினும் எழுதியிருந்ததைப் படித்து நடந்திருந்தால், அந்தப் புட்டி எத்தனையோ சிறு வாய்களுக்கு எட்டாமலே போயிருக்கும்!

கல்விக்குப் பெயர் பெற்றது நாஞ்சில் நாடு. வாயில் ஊற்றுவதன் அளவை அறிவதும் கல்வியே அல்லவா? தாய்மார்களுக்கென எளிய தமிழில் இத்தகைய சிறு கையேடு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கவேண்டும். அதுவரையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. குழந்தையின் எடையைக் கேட்காமல் மருந்தெழுதும் டாக்டரிடம் எடையை நாமே சொல்லலாம். புட்டியுடன் வந்த அளவுகோலையன்றி வேறொன்றைத் தொடாதிருக்கலாம். பழைய புட்டிகளை அப்புறப்படுத்தலாம்.

நமது வீட்டு அலமாரிக் கதவில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பேரனின் எடை, மருந்தின் பெயர், மில்லி அளவு எல்லாம் மகளின் கையெழுத்தில். மாதந்தோறும் எடையை அடித்துத் திருத்துகிறாள். டாக்டர் புஸ்தகத்தைத் திறக்கும்போது இப்பொழுதெல்லாம் நாம் சந்தேகப்படுவதில்லை. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொள்கிறோம்.