வாக்ஓவர் பட்டனை யார் அமுக்குறது?

"எக்ஸெல் ஷீட்ல போட்டா முடிஞ்சுபோற விஷயத்துக்கு எதுக்குடா சாஃப்ட்வேர்?" என்று கேட்டான் ரூம்மேட். நியாயமான கேள்விதான். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-ல் எங்களுக்கென்று ஒரு லீக், டீமுக்கு ஐந்து பேர், மொத்தம் 11 டீம். எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை மோதினால் 55 மேட்ச். அட்டவணை போடுவது சப்பை மேட்டர். 'ஓய்வு' என்று ஒரு டம்மி டீமைச் சேர்த்து 12 ஆக்கி, ஒரு டீமை அசையாமல் உட்காரவைத்து, மற்ற 11 டீமையும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடம் நகர்த்தினால் போதும். 11 சுற்றில் கதை ஓவர். பைத்தானில் சில வரிதான்.

தலைவலியே ஸ்கோரை யார் சொல்வது என்பதில்தான். ரெண்டு கேப்டன்களும் ரெண்டு ஸ்கோர் சொல்வார்கள். ரெண்டு பேரும் சத்தியம் வேறு செய்வார்கள்!

அதனால் ஒரு நண்பனின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, வால்வ் நிறுவனம் இலவசமாகத் தரும் டெடிகேட்டட் சர்வரை அதில் ஓடவிட்டேன். யார் யாரைச் சுட்டார், எந்த ரவுண்டை யார் ஜெயித்தார்... எல்லாவற்றையும் அந்த சர்வர் வரி வரியாக லாக் எழுதும். என் ப்ரோக்ராம் அதைப் படித்து பாயின்ட்ஸ் டேபிளை நிரப்பும். பெயரை வைத்து ஆளைப் பிடிக்கவே முடியாது. நம்ம பசங்க தினம் ஒரு பெயர் வைப்பார்கள். மாறாதது 17 இலக்க ஸ்டீம் ஐ.டி. மட்டும்தான். ஆனால் அதிலும் ஒரு கண்ணிவெடி உண்டு. அவ்வளவு பெரிய எண்ணை ஜாவாஸ்க்ரிப்டிடம் எண்ணாகவே கொடுத்தால் கடைசி இலக்கங்கள் மாறி, வேறு யாரோ ஒருத்தர் ஹீரோ ஆகிவிடுவார். எழுத்தாகத்தான் சேமிக்கணும்.

மூன்றாவது சுற்றில் வந்தது சோதனை. ஃபைனல் இயர் அண்ணன்கள் டீமும் ஃபர்ஸ்ட் இயர் பொடிசுகளும் மோதினார்கள். இந்த ஆட்டத்தில் முதலில் 13 ரவுண்டு எடுப்பவர்தான் வின்னர். பொடிசுகள் 11-8 என்று முன்னிலை. அந்த நேரம் பார்த்து அவர்கள் ப்ளாக்கில் நெட் புட்டுக்கிச்சு. ஐந்து பேரும் அவுட்.

பத்து நிமிஷம் கழித்து கேப்டன் அண்ணன் என் ரூமுக்கே வந்துட்டார். "தம்பி, ஆள் வரலைன்னா வாக்ஓவர். அட்மின் நீதானே? ஒரு வரியை மாத்தி விடு." மிரட்டல் எல்லாம் இல்லை. தோளில் கை போட்டு அன்பாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் கஷ்டம். டேட்டாபேஸில் ஒரே ஒரு வரி, அஞ்சு செகண்ட் வேலை. பொடிசுகள் எதிர்த்துக் கேட்கவும் மாட்டார்கள்.

ஆனா, மாத்தினா ஊருக்கே தெரியும். யார் எதைக் கையால் திருத்தினாலும் பழைய மதிப்பு, புது மதிப்பு, திருத்தினவர் பெயர் மூன்றும் டேபிளுக்குக் கீழேயே வருகிற மாதிரி முதல் நாளே எழுதியிருந்தேன். வாக்ஓவர் பட்டனும் தானாக வேலை செய்யாது. ரெண்டு கேப்டன்களும் சம்மதிக்கணும். இல்லைன்னா மேட்ச்சில் சம்பந்தப்படாத மூன்று கேப்டன்கள் சேர்ந்து தீர்ப்பு சொல்லணும். சட்டத்தை நான் எழுதலாம், தீர்ப்பும் நானே எழுதினா அது லீக் இல்லை, என் பர்த்டே பார்ட்டி!

"என்னால முடியாதுண்ணா, மூணு பேரைக் கேட்போம்" என்றேன். அண்ணன் முகம் சுருங்கிப்போச்சு. அதற்கப்புறம் ரெண்டு நாள் மெஸ்ஸில் என்னைப் பார்த்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார்.

மூவர் குழு சொன்னது: "விட்ட இடத்திலிருந்து ஆடுங்க." அதுக்கும் வழி இருந்தது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் சர்வர் ஒரு பேக்கப் ஃபைல் எழுதிவைக்கும். அதை ஏற்றினால் ஸ்கோர், கையிருப்புப் பணம், துப்பாக்கி எல்லாம் அப்படியே திரும்பி வரும். மூன்றாம் நாள் சாயங்காலம் 20-வது ரவுண்டிலிருந்து ஆட்டம் தொடங்கியது. பத்து பேர் ஆட, வராண்டாவில் பாதி ஹாஸ்டல் நின்றது.

அண்ணன்கள் வரிசையாக ஐந்து ரவுண்டு எடுத்து 13-11!

பொடிசுகளின் கேப்டன் என்னிடம் வந்து, "அண்ணா, டெமோ ஃபைல் கிடைக்குமா? கடைசி அஞ்சு ரவுண்டுல எங்க விட்டோம்னு பார்க்கணும்" என்றான். பென் டிரைவில் கொடுத்தேன். அண்ணன் அன்றைக்கு ராத்திரி என் டேபிளிலேயே வந்து உட்கார்ந்து, என் அப்பளத்தை எடுத்துக்கொண்டார். அதைப் பற்றி ரெண்டு பேரும் பேசவில்லை.

விஷயம் எப்படியோ பி.டி. சார் காதுக்குப் போய்விட்டது. டிபார்ட்மென்ட் வாலிபால் போட்டிக்கும் இதே மாதிரி வேணுமாம். அட்டவணை ஓகே சார், ஆனா வாலிபாலுக்கு லாக் எழுத சர்வர் கிடையாதே, ஸ்கோருக்கு என்ன பண்றது என்று கேட்டேன்.

"ஸ்கோர் ஷீட்ல ரெண்டு கேப்டனும் கையெழுத்து போடுவாங்கப்பா. முப்பது வருஷமா அப்படித்தான் நடக்குது" என்றார்.