எழுத்துப் பெட்டியும் புளியங்கொட்டையும்

ஞாயிற்றுத் திருப்பலி முடிந்து பங்கு மக்கள் கலைந்த பின்னும் ஒரு கணவனும் மனைவியும் கோயில் வாசல் வேப்பமரத்தடியிலேயே தயங்கி நின்றனர். ஏதோ ஒரு வழக்கைத் தீர்த்துவைக்கும்படி என்னிடம் வரப்போகின்றனர் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

வழக்கு இதுதான். அவர்களுடைய மகளுக்கு ஆறு வயது. இருதயத்தில் அறுவை மருத்துவம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பிள்ளையைக் கூட்டத்தில் விடாமல் ஓராண்டு வீட்டிலேயே வைத்திருக்கும்படி மருத்துவர் கூறிவிட்டார். பத்தாம் வகுப்புவரை படித்த அத்தாய், மகளுக்கு அரிச்சுவடியைத் தாமே கற்பிப்பதென்று துணிந்திருந்தார். கையால் தொட்டெடுத்து அடுக்கக்கூடிய எழுத்துகள் இருந்தால் பிள்ளை விளையாட்டாகவே படித்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கின்றனர். மரத்தாலான தமிழ் எழுத்துப் பெட்டி ஒன்றின் படத்தைக் கைபேசியில் எனக்குக் காட்டினார். விலை 1,800 ரூபாய்.

"நாலு காலண்டர் அட்டைய வெட்டினா முடிஞ்சுபோற காரியம் சாமி. இதுக்குப் போய் 1,800 ரூவாயா?" என்றார் கணவர்.

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "வாங்க வேண்டாம். வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள்" என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். அஃது அவசரத் தீர்ப்பு என்பதைச் சற்று நேரத்திலேயே உணர்ந்தேன். ஆயினும் காரணமில்லாத தீர்ப்பன்று. அக்காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள்தான். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில், முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் பலருக்கு எழுத்தே அறிமுகமாகவில்லை. அவர்களுக்காக, நல்ல உள்ளம் படைத்த ஒருவர் தந்த நன்கொடையைக் கொண்டு, பட்டணத்துக் கடை ஒன்றிலிருந்து எழுத்துப் பெட்டி ஒன்றை வாங்கினேன். 247 எழுத்துகளும் மரத்தில் வெட்டி வண்ணம் பூசியிருந்தன. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

முதல் நாளே ஒரு சிறுவன், "சாமி, தாத்தா வரமாட்டேங்கிறாரு" என்றான். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பார்த்தால், பெட்டியில் ஒவ்வோர் எழுத்தும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'அம்மா' வந்துவிடுவார், 'அப்பா'வும் 'அக்கா'வும் வந்துவிடுவார்கள். 'தாத்தா' வரமாட்டார், ஏனெனில் இரண்டாவது 'தா' இல்லை. 'மாமா'வுக்கும் 'பாப்பா'வுக்கும் அதே கதிதான். குடும்பத்தில் பாதிப் பேருக்கு இடமில்லாத பெட்டி!

அது பெட்டியின் குறை. அடுத்தது என்னுடைய குறை. ஓர் எழுத்துத் தொலைந்தாலும் முழுப் பெட்டியும் பழுதாகிவிடுமே என்னும் அச்சத்தால், பிள்ளைகள் கைவைக்கும்போதெல்லாம் "பார்த்து, பார்த்து" என்று தலைமேல் நின்றேன். மாலையில் எண்ணி எண்ணி அடுக்கினேன். ஒரு நாள் 'ளௌ' காணாமற்போயிற்று. எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லிலும் வராத அவ்வெழுத்துக்காக அத்தனை பிள்ளைகளையும் அரை மணி நேரம் தேடவைத்தேன். அதன்பின் பெட்டியை என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டியவன்தான், பிறகு எடுக்கவில்லை.

இதே பாடத்தை நூறாண்டுக்கு முன்னரே கற்ற ஒருவர் எங்கள் மலைமீதே வாழ்ந்திருந்தார் என்பதை அதன்பின் வாசித்தறிந்தேன். கன்னிவாடியிலிருந்து பார்த்தால் சுவர்போல் எழுந்து நிற்கும் பழனி மலைத்தொடரின் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். அங்கே 1942 முதல் 1944 வரை தங்கியிருந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870இல் இத்தாலியில் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணி. பட்டம் பெற்ற மருத்துவர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டவர் எனக் கருதப்பட்டு, போர் முடியும்வரை இந்தியாவை விட்டுச் செல்ல இயலாதவரானார். ஜப்பானியர் தாக்கக்கூடும் என்று சென்னை நடுங்கிய 1942இல் மலையேறினார். பல வயதுப் பிள்ளைகளை அங்கே ஒருங்கே வைத்துக் கற்பித்தது தனிக்கதை. இங்கே நமக்கு வேண்டியது, அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உரோமையில் நடந்தது.

1907 ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அம்மையாரின் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக அவர் முன்னரே அழகிய மர எழுத்துகளைச் செய்வித்திருந்தார். உயிருக்கு ஒரு வண்ணம், மெய்க்கு ஒரு வண்ணம். ஆனால் ஒரே ஒரு பிரதி. அவ்வகையே இப்புதிய இல்லத்துக்கும் வேண்டும் என்று விரும்பினார். செய்து தரவல்ல தொழிலாளர் அகப்படவில்லை. தேடியதில் இரண்டு மாதங்கள் வீணாயின. வேறு வழியின்றி அட்டையிலும் உப்புத்தாளிலும் எழுத்துகளை வெட்டினார். வெட்டிய பிறகே அவற்றின் அருமை புலனாயிற்று. அட்டை எழுத்தை வேண்டும் மட்டும் பெருக்கிக்கொள்ளலாம். பல பிள்ளைகள் ஒரே வேளையில் சொற்களைக் கோக்கலாம். உப்புத்தாளின் சொரசொரப்போ, விரல் தடம் மாறியவுடன் வழுவழுப்பான அட்டையில் பட்டு, பிழையைத் தானே உணர்த்திவிடும். அருகிலிருந்து அதட்ட ஆள் வேண்டியதில்லை. கையில் பணம் இருந்திருந்தால் அழகிய, ஆனால் பலனற்ற பழைய எழுத்துகளையே கட்டிக்கொண்டு இருந்திருப்பேன் என்னும் கருத்துப்பட அவரே பின்னர் எழுதினார். ஒரு டிசம்பர் நாளில் மொட்டைமாடியில் சாக்பீஸால் புகைபோக்கியை வரைந்துகொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், தனக்கு எழுதத் தெரிகிறது என்று கூவிக்கொண்டு தரையில் எழுதலானான். அவன் எழுதிய முதற்சொல் 'கை'.

விரலால் தடவி எழுத்துக் கற்பது நமக்கு ஒன்றும் அந்நியமன்று. திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இதை ஓர் உள்ளூர்ப் பள்ளியில் கண்டு, தம் இல்லத்திலும் மணலைப் பரப்பச் செய்தார். 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். நம் பிள்ளைகளின் மணல், 'சென்னை முறை'யின் ஒரு பகுதியாகக் கடல் கடந்து சென்றது.

என் அன்னையார் இவர்களில் எவரையும் அறியார். திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளியின் மனைவி. தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி, அவ்வரிமேல் புளியங்கொட்டைகளை வரிசையாக வைக்கச் சொல்லுவார். சொளகில் கேழ்வரகைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுவார். எனக்கு எட்டு வயதான 1978இல் அரசு, பெரியார் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. துதிக்கை தூக்கிய யானைபோல் நின்ற 'லை' போயிற்று. அப்பா ஆசையாக வாங்கிச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டை பழசாகிவிட்டது. தங்கைக்கு அப்போதுதான் எழுத்துத் தொடங்கியிருந்த அம்மா, புளியங்கொட்டைகளைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இவ்வளவையும் அன்று வேப்பமரத்தடியில் ஒரு சிறு பிரசங்கமாகவே செய்துவிட்டேன். கணவர் வெற்றிப் பெருமிதத்தோடு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எல்லாம் சரிதான் சாமி. நாலு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி பத்து மணிக்குத்தான் உக்காருறேன். இவளுக்கு மருந்துக்கு மணி பார்க்கணும். செய்யின்னு நீங்க ரெண்டு பேரும் சொல்றீங்க. வெட்டப்போறது யாரு?"

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற எனக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. கணவரும் தரையைப் பார்த்தார்.

அன்றிரவு என் அன்னையாரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். புளியங்கொட்டை நினைவிருக்கிறது, சொளகு நினைவிருக்கிறது. அந்த அம்மா எத்தனை மணிக்குப் படுத்தார், பகலெல்லாம் உழைத்த உடம்போடு எங்களோடு தரையில் குந்தியிருக்க எப்படி முடிந்தது என்பது ஒன்றும் நினைவில்லை, நான் பார்த்ததுமில்லை. செலவில்லாமல் செய்தார் என்று இத்தனை ஆண்டுகளும் பெருமை பேசிவந்திருக்கிறேன். செலவு பணத்தில் இல்லை என்பதே உண்மை. 1,800 ரூபாயைக் கேட்ட அத்தாய் கேட்டது மரப்பெட்டியையன்று, சிறிது ஓய்வை.

மறுநாள் கணவருக்குச் சொல்லியனுப்பினேன். சனிக்கிழமை மாலை அவரும், கோயில்பிள்ளையும், நானுமாகப் பங்கு இல்லத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை மாதிரிக்கு வைத்துக்கொண்டோம். உப்புத்தாளும் பசையும் கடையில் வாங்கியவைதாம். செய்வது என்றால் அனைத்தையும் செய்வதென்று பொருளன்று. கரடு மிகுந்த தாள் பிள்ளை விரலுக்கு நோகும் என்பதால் நைசானதாகவே வாங்கினோம்.

உப்புத்தாளின் சொரசொரப்பான முகத்தில் பென்சில் ஓடாது. எனவே பின்புறத்தில் வரைந்து, பழைய கத்தரிக்கோலால் வெட்டினேன். நல்ல கத்தரிக்கோலை அது முனை மழுக்கிவிடும். பத்து எழுத்துகளை வெட்டித் திருப்பிப் பார்த்தால், எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருந்தன. 'ப' ஒன்றுதான் தப்பியது. கோயில்பிள்ளை சிரிப்பை அடக்க முயன்றார், முடியவில்லை. பின்புறத்தில் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும் என்பதைச் செய்ய நினைப்போர் முதலிலேயே அறிந்துகொள்க.

கோத்து விளையாடும் எழுத்துகளை நாட்காட்டி அட்டையில் வெட்டினோம். 247 வெட்ட வேண்டுமோ என்று கணவர் மலைத்தார். எண்ணிப் பார்த்தோம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. புள்ளி ஒன்று தனியாக. கால், மேல்விலங்கு, அதன் சுழி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று அடையாளங்கள் ஆறு. 'கு', 'கூ' போன்றவை மட்டும் ஒவ்வொரு மெய்யோடும் வெவ்வேறாக ஒட்டிக்கொள்வதால் அவை 36. ஆக 74 வடிவங்கள் போதும். ஔகாரத்துக்குக் கொம்போடு 'ள'வை வைத்தால் ஆயிற்று. பழைய எழுத்தாயிருந்தால் 'ணா', 'லை' போன்ற ஏழும் கூடியிருக்கும். ஆனால் க, த, ப, ம, ர போன்றவற்றையும் காலையும் புள்ளியையும் பத்துப் பத்தாகவே வெட்ட வேண்டும். இல்லையேல் தாத்தா வரமாட்டார். உயிர்களுக்குச் சிவப்பு, மெய்களுக்கு நீலம் தீட்டினோம். அடையாளங்களும் உயிர்தாமே என்று அவற்றுக்கும் சிவப்பே தீட்டினோம். நீலத்தோடு சிவப்புச் சேர்ந்தால் உயிர்மெய் என்பதைப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உகர வரிசையில் 'ஙு'வுக்கு வந்தபோது கணவர் நிமிர்ந்து, "சாமி, இது எந்த வார்த்தையில வருது?" என்றார். யோசித்துவிட்டு, விட்டுவிடுங்கள் என்றேன்.

மூன்று சனிக்கிழமைகள் ஆயின. முதல் தவணையை அத்தாய் பார்த்தபோது, 'ழ'வையும் 'ள'வையும் ஒதுக்கி வைத்தார். "இந்த 'ழ' கோணலா இருக்கு சாமி. விரல்ல கோணலாப் படிஞ்சா அப்புறம் மாத்த முடியாது" என்றார். உண்மை. கடையில் வாங்கும் பெட்டியில் இந்தக் குறை பெரும்பாலும் இராது. கையால் செய்பவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. இரண்டையும் மீண்டும் வெட்டினோம்.

பிள்ளை தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து எழுத்துகளைக் கொட்டினாள். நான் வாய்திறக்கவில்லை, பழக்கத்தால் வந்த "பார்த்து" என்னும் சொல்லை விழுங்கிக்கொண்டேன். 'பெட்டி' என்று வைக்க முயன்றவள், 'ப'வை வைத்து, அதன் பின்னால் கொம்பை வைத்தாள். கொம்பு முன்னால் வர வேண்டும் என்றார் தாய். "சொல்லும்போது 'ப்'தானம்மா முதல்ல வருது?" என்றாள் பிள்ளை. ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ் வாசிக்கிறேன். இதை நினைத்துப் பார்த்ததில்லை. எழுதும் வழக்கம் அப்படி என்று தாய் சொல்ல, ஒரு பெருமூச்சோடு இடம் மாற்றி வைத்தாள்.

என் அலமாரியில் இருந்த மரப்பெட்டியை முதல் நாளே கொடுத்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வெட்கந்தான் காரணம். கடைசிச் சனிக்கிழமையன்று அதையும் எடுத்துக் கணவரின் இருசக்கர வண்டியில் வைத்தேன். 'ளௌ' இல்லை என்று சொல்லியே கொடுத்தேன்.