காசு வைக்காத போக்கர்

22 ஆகஸ்ட் 2025, வெள்ளி

இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார். திறமையா, அதிர்ஷ்டமா என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பணம் கட்டினால் போக்கரும் தடைக்குள் வரும். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

தமிழகத்தில் இந்தத் தகராறு பழையது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் முதல் தடையை ரத்து செய்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகளே என்று சொல்லி, 2023 நவம்பர் 9 அன்று அடுத்த சட்டத்தின் அட்டவணையிலிருந்து இரண்டையும் எடுத்தது. இந்த ஆண்டு வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தை மூடின. ஜூன் 3 அன்று அவற்றை அதே நீதிமன்றம் ஏற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் போக்கரைப் பொழுதுபோக்காகத் தொடங்குபவருக்கு இனி இணையத்தில் மிஞ்சுவது, காசுக்குப் பதில் இலவச சிப்ஸ் வில்லைகளை வைத்து ஆடும் மேசைதான். தொடங்க அதுவே நல்ல இடம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

போக்கரின் ஹோல்டம் ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் 2 சீட்டு. நடுவில் முதலில் 3, பிறகு 1, கடைசியாக 1 என 5 பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. ரம்மி பழகிய கைக்கு இது முதலில் பிடிபடாது. ரம்மியில் சீட்டை எடுத்தும் கழித்தும் கையைத் தேற்றலாம். ஹோல்டமில் வந்தது வந்ததுதான். தொடர்வதா, தொகையைக் கூட்டுவதா, கவிழ்த்துவிட்டு விலகுவதா என்பது மட்டுமே ஆடுபவர் வசம்.

தோல் தொழில் நடக்கும் இந்த ஆம்பூர்ப் பகுதியில், உப்பிட்ட பச்சைத் தோல் வாங்கும் வியாபாரியின் நிலையும் இதுதான். உண்ணிக் கடியும் பழைய தழும்பும் மயிருக்கடியில் மறைந்திருக்கும். சுண்ணாம்பில் ஊறி மயிர் கழிந்த பிறகே தெரியும். விலையை அதற்கு முன்பே பேசியாக வேண்டும். பாதி தெரிந்த நிலையில் நிதானமாக முடிவெடுக்கும் பழக்கம் போக்கருக்கும் உயிர்.

27 ஆகஸ்ட், புதன்

இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் 50% வரி இன்று நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி ஆர்டரை நம்பி ஓடும் இந்தப் பகுதி ஷூ கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம். மிஞ்சும் சம்பளத்திலிருந்து சீட்டாட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. இலவசச் செயலிகளும் சிப்ஸை விலைக்கு விற்கின்றன. அதைத் திரும்பப் பணமாக்க முடியாது. செயலியை ஏற்றியதும் அந்த வாங்கும் வசதியைப் பூட்டிவிடுவது நல்லது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மேசையில் 4 பொதுச் சீட்டுகள் திறந்தாயிற்று. கையில் உள்ளதையும் சேர்த்து 4 ஆர்ட்டின். இன்னும் ஓர் ஆர்ட்டின் வந்தால் ஒரே வகைச் சீட்டு ஐந்து சேரும் ஃப்ளஷ். கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46, அவற்றில் ஆர்ட்டின் 9. வாய்ப்பு ஏறக்குறைய 19.6%. நடுவில் 100 சிப்ஸ் இருக்க, எதிராளி 50 வைக்கிறார். அங்குள்ள 150ஐப் பெற 50 போட வேண்டும். அது கட்டுப்படியாக 25% வாய்ப்பு தேவை. கவிழ்ப்பதே சரி. அவர் 20 மட்டும் வைத்திருந்தால் தேவை 14.3%, தொடரலாம். அடுத்து வந்த சீட்டு ஆர்ட்டினாகவே இருந்தாலும் கவிழ்த்த முடிவு தவறாகாது. இந்தக் கணக்கு மனதில் ஓடத் தொடங்கும்போதுதான் ஆட்டம் ருசிக்கிறது.

கையில் இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. அதற்காகக் காத்திருப்பது ஆட்டம் ஆகாது.

7 செப்டம்பர், ஞாயிறு

இலவச மேசையில் ஒரு குறை உண்டு. இழக்க ஏதுமில்லாததால் யாரும் லேசில் கவிழ்ப்பதில்லை. அதனால் வெறுங்கையை வைத்து மிரட்டும் பிளஃப் அங்கே எடுபடாது. நல்ல கை வந்தால் தொகையை ஏற்றுவது, மற்றதைக் கவிழ்ப்பது என்ற எளிய ஆட்டமே அங்கே பலன் தரும். பிளஃப் பழக, தெரிந்த நான்கைந்து பேர் தனி மேசை அமைத்து, எல்லாருக்கும் சம அளவு சிப்ஸ் கொடுத்து, தீர்ந்தவர் அன்றைக்கு வெளியேற வேண்டும் என்று விதி வைக்கலாம். அந்த விதி இருந்தால் காசில்லாமலே சிப்ஸுக்கு மதிப்பு வந்துவிடும்.