கோழி போட்ட பீட்சாவும் கண்டியாரின் தீர்ப்பும்

போன ஊரில் நல்ல சாப்பாடு எங்கே என்று அறிய ஊராரைத்தான் கேட்கவேண்டும் என்பது பயணிகளிடையே வேதவாக்கு. வழிகாட்டிப் புத்தகத்தை மூடிவை, ஆட்டோக்காரரைக் கேள், பேக்கரியில் பாண் விற்பவரைக் கேள் என்பார்கள். கண்டியில் சோறு கறிக்கும் கொத்து ரொட்டிக்கும் இந்த அறிவுரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தாலியச் சாப்பாடு எங்கே நல்லது என்று கேட்டால்? கண்டியிலிருந்து குருநாகல் வீதியில் இருபது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது கலகெதர. அங்கே நின்று இதைக் கேட்பது முதல் பார்வையில் வேடிக்கையாகக்கூடப் படும். தும்பனைப் பகுதியின் மலையடிவாரக் கடைத்தெரு. சுற்றிலும் மிளகும் கராம்பும் றப்பரும். தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள். இங்குள்ளவருக்கு ரோமும் நேப்பிள்ஸும் எவ்வளவு தூரம் என்று கேட்கத் தோன்றும். இருந்தாலும் அவர் சொல்லும் பதிலை நம்பலாம் என்பதே என் கட்சி. அவர் எதைப் பற்றிப் பதில் சொல்கிறார் என்பது மட்டும் நமக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இத்தாலியர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள் அல்லர். சில்வெஸ்திரிய பெனடிக்டைன் துறவிகள் 1845இல் இலங்கைக்கு வந்தார்கள். மத்திய இத்தாலியில் பாப்ரியானோ நகருக்கு அருகே மொன்தே பானோ என்ற மலையில் 13ஆம் நூற்றாண்டில் பிறந்த சபை அது. கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் புனித அந்தோனியார் கல்லூரி அவர்கள் 1854இல் தொடங்கியது. கண்டி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் கிளெமெந்தே பஞ்ஞானி அந்தச் சபையைச் சேர்ந்த இத்தாலியர். கண்டியை அடுத்த அம்பிட்டியவில் உள்ள அவர்களுடைய மடத்துக்கு இன்றும் மொன்தே பானோ என்றே பெயர். கலகெதரப் பிள்ளைகள் கண்டிக்குப் போகும் பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டித்தான் போகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இத்தாலியர்கள் பாடம் நடத்தினார்கள், பூசை வைத்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள். ஆனால் அவர்களுடைய சாப்பாடு மடத்துச் சுவரைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வரவில்லை. சமயமும் கல்வியும் போன வழியில் சமையலும் போய்விடும் என்று நாம் நினைத்துக்கொள்வது உண்டு. கண்டி அதற்கு நல்ல மறுப்பு.

இத்தாலியச் சாப்பாடு கண்டிக்கு வந்தது வேறு வழிகளில். முதலாவது, அமெரிக்கச் சங்கிலிக் கடைகள். பீட்சா ஹட் 1993இல் கொழும்பில் தொடங்கியது, டொமினோஸ் 2011இல் நாட்டுக்குள் வந்தது, இரண்டும் பின்னர் கண்டியில் கிளை விட்டன. இரண்டாவது, உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டல்கள். மகாவலிக் கரையிலும் கண்டிக் குளத்தைச் சுற்றியும் இருக்கும் பெரிய ஹோட்டல்களின் இரவு புஃபேயில் பாஸ்தா மேசை ஒன்று இருப்பது வழமை. மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அது வளைகுடா. சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் சமையலறைகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஷவர்மாவும் பொரித்த கோழியும் பீட்சாவும் ஒரே பலகையில் எழுதப்பட்ட கடைகளைக் கட்டுகஸ்தோட்டை முதல் அக்குறணை வரை பார்க்கலாம். அந்தப் பலகை மத்தியதரைக் கடலைக் காட்டவில்லை, டோஹாவின் தெருமுனையைத்தான் காட்டுகிறது. ஆகவே கலகெதரக்காரர் ஒருவர் நல்ல பீட்சா என்று சொல்லும்போது அவர் மனதில் உள்ள அளவுகோல் நேப்பிள்ஸிலிருந்து வந்ததல்ல. அது அமெரிக்காவில் உருவாகி, அரபு நாட்டில் பழகி, கண்டியில் திருத்தப்பட்டது. அதை அறியாமை என்பது நியாயமில்லை. அவருக்குத் தெரிந்த உலகம் வேறு, அவ்வளவுதான்.

மா விடயத்தைக் கவனியுங்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. திருகோணமலையில் 1980 முதல் இயங்கும் பிறிமா ஆலை வெளிநாட்டுக் கோதுமையை அரைத்துத் தருகிறது. காலைப் பாணும் மாலை ரோல்ஸும் இரவுக் கொத்தும் இப்படி வந்த கோதுமையை நம்பி நிற்கின்றன. பீட்சாவின் அடியும் அப்படியே. ஆகவே பீட்சா அந்நியம், கொத்து நம்முடையது என்று பிரிப்பது மாவைப் பொறுத்தவரை செல்லாது. இன்னும் ஒருபடி மேலே போகலாம். ரொட்டியைக் கீலங்களாக வெட்டி, பாலும் சீஸும் விட்டுக் குழையக் குழையக் கொதிக்கவைக்கும் சீஸ் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியக் கடை என்று பலகை போட்ட இடங்களில் கிடைக்கும் கிரீம் பாஸ்தாவை விட, கோதுமை மாவையும் பால்பொருளையும் ஒன்றுசேர்க்கும் வித்தை அதில் கைதேர்ந்திருக்கிறது. அதை உண்டு வளர்ந்த நாக்கு பாஸ்தாவைச் சாப்பிடும்போது எதிர்பார்ப்பது குழைவையும் காரத்தையும் சூட்டையும். பல்லில் சற்று நிற்கும்படி வேகவைத்த இத்தாலியப் பக்குவத்தை அந்த நாக்கு வேகாத பாஸ்தா என்றுதான் சொல்லும். (பாசில் இலை இங்கே பழக்கமில்லை என்பார்கள். அதன் குடும்பத்து விதை ஊறிப்போய் ஒவ்வொரு பலூடாக் கிளாஸிலும் மிதக்கிறது. யாரும் அதை இத்தாலியோடு சேர்த்து நினைப்பதில்லை.)

இப்போது கோழிக்கு வருவோம். கண்டியில் இத்தாலியச் சாப்பாட்டின் முழுக் கதையும் கோழியில் இருக்கிறது என்பேன். இத்தாலியில் பீட்சாவின் மேலோ பாஸ்தாவிலோ கோழி போடும் வழக்கம் இல்லை. போட்டால் முகம் சுளிப்பார்கள். கண்டியில் அதிகம் பேர் கேட்பதே அதைத்தான், அதுவும் டெவில்ட் செய்து, காரமாக. கண்டியில் ஒரு மேசையைச் சுற்றி யார் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தால் காரணம் தெரியும். அலுவலகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு. நான்கு பேர் போகிறார்கள். பௌத்தர்களில் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. இந்துக்களுக்கும் அது ஆகாது. முஸ்லிம்களுக்குப் பன்றி விலக்கு, மற்ற இறைச்சியும் ஹலாலாக இருக்கவேண்டும். இத்தாலியப் பட்டியலின் புகழ்பெற்ற பண்டங்களோ பன்றித் தொடை, பன்றிக் கொழுப்பு, மாட்டிறைச்சிக் குழம்பு, வைன் என்று போகின்றன. அத்தனையையும் கழித்தால் மிஞ்சுவது மரக்கறி, கடலுணவு, கோழி. கடலுணவு விலை கூட. ஆகவே ஹலால் கோழி. மூன்று சமூகத்தாரும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடக்கூடிய இறைச்சி அது ஒன்றுதான். ஒரு கடையை நல்ல கடை என்று கண்டியார் சொல்லும்போது, அங்கே எல்லோரையும் கூட்டிப் போகலாம், யாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டியதில்லை என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இலங்கையின் அண்மைய வரலாற்றை அறிந்தவர்கள் இதைச் சின்ன விடயம் என்று சொல்லமாட்டார்கள்.

விலையும் தீர்ப்பை மாற்றுகிறது. நேப்பிள்ஸில் பீட்சா ஏழைகளின் சாப்பாடாகத் தெருவில் பிறந்தது. மெல்லிய அடி, கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் சீஸ். கையில் மடித்துத் தின்று போய்விடலாம். அந்த எளிமையைக் காக்கவென்று 1984இல் அங்கே ஒரு சங்கம் அமைத்தார்கள். 2017இல் பீட்சா செய்யும் அந்தக் கைவினையை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கண்டியிலோ பீட்சா வசதியுள்ளவர்களின் சாப்பாடாக மேலிருந்து இறங்கியது. கலகெதரக் குடும்பம் ஒன்றுக்கு அது பரீட்சை முடிவு வந்த நாளுக்கும் பெருநாளுக்கு மறுநாளுக்கும் உரியது. பஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டுப் போகிறவர் முன்னால், தக்காளிச் சாறு பூசிய மெல்லிய அப்பளம்போல ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். தடித்த அடி, ஓரத்திலும் சீஸ், மேலே கை நிறையக் கோழி என்று அவர் கேட்பது கொடுத்த காசுக்கான நியாயம். 2022 நெருக்கடியில் எரிவாயுவும் பால்மாவும் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்டில், இறக்குமதிச் சீஸின் விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போனபிறகு, இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது. சீஸ் நீளமாக இழுபடுகிறதா என்று பார்ப்பதை நாகரிகமற்ற ரசனை என்று எழுதுகிறவர்கள் ரசீதை யார் கட்டினார் என்றும் எழுதவேண்டும்.

இதற்கு எதிராக ஒரு கேள்வி வரும். அப்படியானால் ஊரார் விரும்புவதெல்லாம் நல்லதாகிவிடுமா? தரம் என்று ஒன்று இல்லையா? உண்டு. வேகாத மா எந்த ஊரிலும் வேகாத மாதான். எண்ணெயில் மிதக்கும் பாஸ்தா எந்த நாக்குக்கும் திகட்டும். கவனித்தால், ஊராரே இந்தக் குறைகளைச் சொல்வார்கள்: நேற்றைய மா, சீஸ் வாசமே இல்லை, கோழி காய்ந்துபோய்விட்டது. இத்தாலியக் கண்டிப்பு வைத்திருப்பவரும் இதே குறைகளைத்தான் முதலில் சொல்வார். அவர்கள் பிரிவது அதற்கு அப்புறம், எது உண்மையான இத்தாலியம் என்ற இடத்தில். அந்தக் கேள்வியில் இத்தாலியே உறுதியாக நிற்கவில்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் வழியாக அங்கே போனது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தக்காளிச் சாறு சமையல் புத்தகத்தில் ஏறியது. உலகம் முழுக்க ரோமின் அடையாளமாகக் கொண்டாடும் கார்பொனாரா பாஸ்தா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே எழுத்தில் தலைகாட்டியது. இங்கேயும் மிளகாய் போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததுதான், அதற்கு முன் கண்டிக்காரர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தார். இருபது தலைமுறைக்குள் வந்த பொருளை மூதாதையர் சொத்தாக இத்தாலியர் பேசலாம் என்றால், கண்டியார் இருபது ஆண்டுகளுக்குள் பீட்சாவுக்கு ஒரு கண்டிப் பக்குவம் கண்டுபிடிப்பதில் என்ன தப்பு? நேரம் குறைவு என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஆட்சேபம் இதை விடப் பாரதூரமானது. ஊராரின் பேச்சு எப்போதும் நாக்கிலிருந்து வருவதில்லை. பயத்திலிருந்தும் பகையிலிருந்தும் வரும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்று புரளி கிளம்பியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. ஒரு வாரம் கழித்து வேறொரு சம்பவத்தைத் தொட்டுத் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று கண்டி மாவட்டம் எரிந்தது. மார்ச் 6இல் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அதற்கும் முன்னால், 2013இல், ஹலால் சான்றிதழே பெரும் சச்சரவுக்கு உள்ளாகியிருந்தது. இந்த ஊர்களில் எந்தக் கடை நல்லது என்ற பேச்சுக்குள் எந்தக் கடைக்குப் போகாதே என்ற பேச்சும் ஒளிந்திருக்கலாம். இதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. ஒரு கடையில் சாப்பிட்டவர் விவரம் சொல்வார்: எது உப்பு கூட, எந்த நேரத்தில் கூட்டம், எது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எது மறுநாள் சூடாக்கினாலும் கெடாது. சாப்பிடாமலே பேசுகிறவரிடம் விவரம் இராது. கடைக்காரர் யார் என்பது மட்டும் இருக்கும். முதலாமவர் சொல்வதே ஊரின் கருத்து. இரண்டாமவருடையதைக் கருத்தாக எடுத்துக்கொள்ளும் பயணி, அது பொய் என்று தெரிந்தபின்பும் அதைத் தன் ஊருக்குச் சுமந்துபோவார்.

உல்லாசப் பயணிகளின் தீர்ப்பு இதைவிட நம்பகமானது என்பாரும் உண்டு. அவர்கள் இத்தாலிக்கே போய்ச் சாப்பிட்டவர்கள், ஒப்பிடத் தெரிந்தவர்கள் என்பது அப்படிச் சொல்பவர்களின் வாதம். ஆனால் சிகிரியாவுக்கும் எல்லவுக்கும் நடுவே கண்டியில் ஓரிரு இரவு தங்குகிறவர் அந்தப் பயணி. பல நாள் சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்ட பிறகு சீஸைக் கண்டால் அவர் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி வீட்டு நினைவுக்குப் போகிறது. சரணங்கர வீதிப் பக்கத்து விடுதிகளில் அவர் பாராட்டும் பாஸ்தா உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். அங்கே கலகெதரக் குடும்பம் ஒன்று போய் உட்காருவதற்கான விலையும் இல்லை, ஹலால் உறுதியும் இல்லை, பிள்ளைகள் சத்தம்போட இடமும் இல்லை. அந்தத் தீர்ப்பைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கண்டியைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது என்று மட்டும் சொல்வேன்.

இத்தாலியை இத்தாலியாகவே அறிந்து தீர்ப்புச் சொல்லும் உள்ளூர்க்காரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கும் இலங்கையில் இடம் இருக்கிறது. நீர்கொழும்பிலிருந்து வென்னப்புவை, மாரவில வழியாகச் சிலாபம் வரையான கத்தோலிக்கக் கரையோரத்திலிருந்து 1970கள் முதல் ஆட்கள் இத்தாலிக்குப் போகிறார்கள். தேவாலயத் தொடர்புகள் வழியாகத் தொடங்கிய அந்தப் பயணத்தால் இன்று மிலானிலும் நேப்பிள்ஸிலும் ரோமிலும் வெரோனாவிலும் பெரிய இலங்கைச் சமூகங்கள் உள்ளன. வீட்டு வேலையாளாக, முதியோரைப் பராமரிப்பவராக, சமையற்காரராக இத்தாலியரின் அடுப்படியில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் அவர்கள். வென்னப்புவையைச் சின்ன இத்தாலி என்றே சொல்கிறார்கள். கண்டித் துறவிகள் ஒரு நூற்றாண்டில் கொண்டுவராததை இந்த வேலையாட்கள் ஒரு தலைமுறையில் சம்பளத்தோடு கொண்டுவந்தார்கள். ஒரு பாஸ்தா எவ்வளவு நேரம் கொதிக்கவேண்டும் என்பதில் அங்கே நடக்கும் வாக்குவாதம் அனுபவத்திலிருந்து வருவது. கலகெதரக் கடைத்தெருவில் நின்று நல்ல இத்தாலியச் சாப்பாட்டுக்கு வழி கேட்பவரிடம், எல்லோருமாகக் குடும்பத்தோடு போகிறீர்களா என்று ஊரார் முதலில் கேட்பார்கள். ஆமென்றால் கண்டி பஸ்ஸைக் காட்டட்டும். இல்லை, அச்சு அசலான இத்தாலியம்தான் வேண்டும் என்றால் அதே வீதியின் எதிர்ப்பக்கத்தில் நின்று குருநாகல் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கவேண்டும்.