சுவருக்குள் காற்று

எங்கள் வீடு பாஸ்டனுக்கு வடக்கே, 1920களில் கட்டப்பட்ட மரவீடு. வெளியே பலகை, உள்ளே மெல்லிய மரப்பட்டிகளின் மேல் பூசிய காரை. இரண்டுக்கும் நடுவே நான்கு அங்குலம் போல இடைவெளி. அதற்குள் ஒன்றும் கிடையாது. அன்று இப்படித்தான் கட்டினார்கள். குளிர்ந்தால் அடுப்பில் இன்னும் கொஞ்சம் நிலக்கரி போட்டால் போயிற்று.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். வடக்குப் பக்க அறை அவருக்கு. முதல் குளிர்காலத்தில் இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, காலுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் படுப்பார். ஹீட்டரை 72 டிகிரியில் வைத்தாலும் குளிர்கிறது என்பார்.

"ஏல, இது சுவரா தட்டியா? முதுகுப் பக்கம் சில்லுன்னு இருக்கு. பேசாம என்னை ஊருக்கே அனுப்பிருல."

அவர் சொன்னது சரிதான். அறைக் காற்று சூடாக இருந்தாலும், பக்கத்தில் குளிர்ந்த சுவர் இருந்தால் உடம்பின் சூடு அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். தெர்மாமீட்டருக்கு அது தெரியாது, முதுகுக்குத் தெரியும்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெல்ல விடும். மாதக்கணக்கில் சூடு வெளியே மட்டுமே ஓடுகிற இந்த ஊரில் கனத்தைவிடக் காற்றை நிறுத்துவதுதான் முக்கியம். காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அப்படியென்றால் காலிச் சுவரே போதாதா? போதாது. சூடான உள்பக்கத்தில் காற்று மேலே ஏறும், குளிர்ந்த வெளிப்பக்கத்தில் கீழே இறங்கும். சுற்றிக்கொண்டே சூட்டைக் கடத்திவிடும். எங்களுக்குப் பக்கத்து ஊரான வூபர்னில் 1753இல் பிறந்தவர் பெஞ்சமின் தாம்ப்சன். பின்னாளில் ரம்ஃபோர்ட் பிரபு. கம்பளி, ரோமம், இறகு எல்லாவற்றையும் சோதித்து, சூட்டைக் காப்பது அவற்றுக்குள் அசையாமல் சிக்கியிருக்கும் காற்றுதான் என்று கண்டவர். அம்மாவின் ஸ்வெட்டரும் சுவருக்குள் அடைக்கும் பஞ்சும் செய்வது ஒரே வேலை.

சோதிக்க வந்தவர் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார். ஸ்விட்ச் பெட்டிகளுக்குள்ளிருந்துகூடக் காற்று வந்தது. வெப்பக் காமிராவில் மரச்சட்டங்கள் வெளிர் நிறம், நடுவே காலி இடங்கள் நீலம். பிறகு பேஸ்மெண்ட் உத்தரங்களைப் பார்த்துவிட்டு, "முதலில் இதை மாற்றுங்கள்" என்றார். பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய பழைய மின்கம்பிகள். சுற்றியிருக்கும் காற்றில்தான் அவற்றின் சூடு தணிகிறது. பஞ்சைத் திணித்தால் சூடு தேங்கி, நூறு வருஷத்து உறை கருகலாம். எங்கள் வீட்டுச் சுவர் இடைவெளியோ பேஸ்மெண்டிலிருந்து பரண் வரை தடையில்லாமல் போகிறது. தீப்பிடித்தால் புகைபோக்கிதான்.

வயரிங் செலவு இன்சுலேஷனைவிட அதிகம். வேறொரு காண்ட்ராக்டர், "அதெல்லாம் பார்க்க வேண்டாம், மூன்றே நாளில் அடைத்துத் தருகிறேன்" என்றார். ஜனவரி மாதம், மைனஸ் 15க்கு இறங்கிய வாரம். அம்மா விடாமல் இருமிக்கொண்டிருந்தார். சரி என்ற சொல் வாய் வரை வந்தது. ஆனால் அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர் கட்டில். கட்டிலைத் தெற்கு அறைக்கு மாற்றிவிட்டு நானும் மனைவியும் வடக்கே படுத்தோம். வயரிங் முடிய மே மாதம் ஆயிற்று.

அடுத்தது தண்ணீர். பழைய சுவர் வீணாக்கிய சூடுதான், பலகை வழியே உள்ளே இறங்கிய மழைநீரையும் காய வைத்தது. அடைத்த பிறகு பலகைப் பக்கம் குளிர்ந்தே இருக்கும், காய நாளாகும். அதனால் கூரையோரத் தகரத்திலும் ஜன்னல் தலைப்பிலும் ஒழுகலை முதலில் நிறுத்த வேண்டும். குளியலறையின் ஈரக்காற்றை வெளியே தள்ள விசிறி வேண்டும். 1978க்கு முந்தைய வீடு என்பதால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். துளையிடும்போது தூசி பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் நிரப்பினார்கள். வெளிப்பலகையைக் கழற்றி, சட்டத்துக்குச் சட்டம் நடுவே துளை போட்டு, குழாய் வழியே காகிதப் பஞ்சை ஊதினார்கள். பழைய செய்தித்தாளை அரைத்து, எளிதில் தீப்பற்றாமலிருக்கப் போரான் உப்பு சேர்த்தது. இறுக்கி ஊதாவிட்டால் நாளடைவில் அமுங்கி, மேலே மறுபடி காலியாகிவிடும்.

"பழைய பேப்பரா? இதுக்கால இவ்ளோ துட்டு?" என்றார் அம்மா.

மூன்று நாளில் முடிந்தது. அதற்கு முந்தைய வேலைகளுக்குத்தான் ஒன்பது மாதம். பழைய வீட்டில் சுவரை அடைப்பது கடைசி வேலை.

டிசம்பரில் மறுபடி காமிரா. இப்போது படம் தலைகீழ்: இடைவெளிகள் வெளிர், சட்டங்கள் நீலம். வடக்கு அறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு கட்டம் அடர் நீலமாக இருந்தது. அங்கே பஞ்சு போய்ச் சேரவில்லை. அதே இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இங்க மட்டும் இன்னும் சில்லுன்னு இருக்குல" என்று அம்மா ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தார். மறுநாள் வந்து இன்னொரு துளை போட்டு அடைத்துவிட்டுப் போனார்கள்.