பின்சக்கரத்துச் சுருள்வில்

கரடுமுரடான வழியிற் செல்லும் சிறு மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சினின் வலிமை எத்துணை இன்றியமையாததோ, பின்சக்கரத்தைத் தாங்கும் சுருள்வில்லின் அமைதியும் அத்துணை இன்றியமையாதது. இதனை எனக்கு உணர்த்தியது என் தந்தையாரின் முதுகுநோய்.

எமது ஊர் கொல்லிமலையிலுள்ளது. மாதமொருமுறை தந்தையாரை மருத்துவசாலைக்கு அழைத்துச் செல்வது என் கடமை. பஸ் நிற்குமிடம்வரை ஆறு கிலோமீட்டர் கல்லும் குழியுமே. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்பல்ஸ் 200 என்னும் வண்டியொன்றைப் பழையதாக வாங்கியிருந்தோம். குழிதோறும் பின்புறம் அடிதட்டும். தந்தையார் மூச்சடக்கி என் தோளை இறுகப் பற்றுவார். ஆயினும் வாய்திறந்து ஒன்றும் கூறார். அம்மௌனமே என்னை வருத்திற்று.

பண்டை வண்டிகளிற் பின்சக்கரத்தின் இருமருங்கும் இரு வில்கள் இருந்தன. நடுவே ஒரு வில்லே தாங்கும் முறையைப் பெல்ஜியம் நாட்டு லூசியன் டில்கென்ஸ் என்பவர் வகுக்க, யமஹா கம்பெனியார் 1970களிற் பந்தய வண்டிகளில் அமைத்தனர். எமது வண்டியிலும் ஒரே வில்தான். அதன் இறுக்கத்தைப் பத்துப் படிகளில் மாற்றலாம்.

ஒரு விடுமுறையில், பின்சக்கரம் நிலந்தொடாவண்ணம் வண்டியை மரக்கட்டைமேல் நிறுத்தி, அச்சுக்கும் அதற்கு நேர்மேலே இட்ட குறிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தேன். பின்னர்த் தரையில் நிறுத்தி நானும் தந்தையாரும் ஏறியமர, தங்கை அளந்தாள். இரண்டிற்கும் வேற்றுமை 78 மில்லிமீட்டர். சக்கரம் மேலுங்கீழும் செல்லக்கூடிய தூரம் 170 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே பாரத்தால் தாழ்தல் தகும். கொக்கி ஸ்பேனரால் ஐந்து படி இறுக்கியபின் 57 ஆயிற்று.

நிற்க. இறுக்குவதால் வில் கடினமாவதில்லை; வண்டி நிற்கும் உயரமே மாறுகின்றது. உயரம் கூடவே, மேடு வந்தால் சக்கரம் மேலெழ இடமுண்டாகின்றது. மிகையாக இறுக்கினாலோ, பள்ளம் வந்தால் கீழிறங்க இடமில்லாது சக்கரம் நிலத்தை விட்டெழும். எத்துணை இறுக்கியும் அளவு அமையாதெனின், அவ்வில் அப்பாரத்திற்கு ஏற்றதன்று. வேறு வில்லே வேண்டும்.

அடுத்த பயணத்தில் தந்தையார் என் தோளைப் பற்றவில்லை. வழியிலுள்ள மிளகுக்கொடிகளைச் சுட்டி, அவ்வாண்டின் விலை பேசிவந்தார்.

தனியே செல்லும் நாளில் அவ்வைந்து படிகளையும் தளர்த்திவிடுகிறேன். நண்பர்காள், பாரம் மாறுந்தோறும் அளந்து பாருங்கள். அதற்கு வேண்டுவது ஓர் அளவுநாடாவும் கால்மணி நேரமுமே.